அத்தானுக்கு ஆறு பெயரடைகள்

செத்துப்போன மனிதனுக்குப் பெயரடை தேடுவதைப் போல அருவருப்பான வேலை இன்னொன்று இல்லை. மீன் ஏலக்கூடத்தில் கழிவு வாருகிற வேலையைக்கூட நான் அதற்கு மேலேதான் வைப்பேன். அங்கே நாறுவதை நாறுகிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வேலையைக் கொடுத்தவன் என் அக்காள் மகன். சரக்குக் கப்பலில் சீஃப் இன்ஜினியர். ஏதோ ஒரு கடலின் நடுவிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

"மாமா, அப்பாவுக்கு முதல் வருச நினைவுக்குக் கல்லறைக் கல் வைக்கப் போறேன். லத்தீன்ல போடணும். கீழ உள்ள வார்த்தைக்கெல்லாம் லத்தீன் என்னன்னு எழுதி அனுப்புங்க. நீங்கதான் செமினேரில படிச்சிருக்கீங்க."

கீழே ஆறு ஆங்கில வார்த்தைகள். பயஸ், ஜெனரஸ், ஹானஸ்ட், கேண்டிட், ஃபேமஸ், ஃபஸ்டிடியஸ். அதற்கும் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, 'அம்மாவுக்கு' என்று எழுதி, ஒரே ஒரு வார்த்தை: பேஷன்ட், பொறுமைசாலி.

காலை பத்து மணி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருடமாக அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். சரக்கு ஏற்றிய ரசீது எழுதுவது என் வேலை. மூட்டை கிழிந்திருந்தால் 'கிழிந்தது' என்று எழுதுவேன், நனைந்திருந்தால் 'நனைந்தது', துருப்பிடித்திருந்தால் 'துருப்பிடித்தது'. அந்த மாதிரிப் பெயரடைகளில் எனக்கு மரியாதை உண்டு. யாரோ ஒருவன் வெயிலில் நின்று கண்ணால் பார்த்து எழுதியவை அவை. சரக்கு அனுப்புகிற வியாபாரிகளோ, பணம் வராது என்று பயந்து, அந்த வார்த்தையை எடுத்துவிடச் சொல்லிக் காலையிலிருந்து போனில் கெஞ்சுவார்கள். நானும் ஒரு நாளும் எடுத்ததில்லை. மூட்டை விஷயத்தில் நான் பெரிய யோக்கியன்.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும், டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று விசைப்படகுகள் வைத்திருந்தார். எங்கள் ஊர் மணப்பாட்டுக்கு வடக்கே, கடலை ஒட்டி ஒரு மாதா கோயிலும் நானூறு வீடும் உள்ள ஊர். அங்கே அவர் சொன்னால் சொன்னதுதான். கோயில் கமிட்டியில் இருந்தார். சப்பரத்துக்கு முன்னால் நடந்தார். சப்பரம் தூக்கியவர்களுக்கெல்லாம் விருந்து போட்டார். வீட்டுக்குள் வந்தால் என் அக்காளை மனுஷியாக நினைக்கவில்லை. போன வருடம் ஆவணியில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தில் எல்லோரும் அழுதார்கள், அக்காளைத் தவிர. அதிர்ச்சியில் உறைந்துபோயிருக்கிறாள் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

இப்போது பணமுள்ள வீடுகளில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. புருஷன் செத்தால் அவன் கல்லிலேயே பெண்டாட்டி பெயரையும் வெட்டி வைத்துவிடுகிறார்கள். பிறந்த தேதி இருக்கும். இறந்த தேதிக்கு இடம் விட்டிருக்கும். அவள் அடுத்த கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போய்த் தன் பெயருக்கு முன்னால் தானே முழங்கால் போடுவாள். கருமம். உயிரோடு இருப்பவளை இப்படி இடம் பிடித்து உட்கார வைக்கிற புத்தி யாருக்கு வந்ததோ தெரியவில்லை.

அக்காளுக்கு இந்த விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தது. அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டாள். அவள் போனில் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"ஏலே தம்பி, அவன் ஒனக்கு என்னமோ அனுப்பிருக்கானாமே."

"ஆமாக்கா. பாத்தேன்."

"அந்தக் கல்லுல எம்பேரு வேண்டாம்லே. அவருகூட ஒரே குழியில என்னைப் போடவும் வேண்டாம். நான் அம்மா குழியில கெடந்துக்கிடுதேன். அவன்ட்ட சொன்னேன். வழக்கந்தானம்மாங்கான். நீ சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

"சொல்லுதேன்கா."

"மறந்துராத."

கல்யாணமாகிப் போன முப்பத்தேழு வருடத்தில் அக்காள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. வேறு எதுவும் அவள் கேட்டதில்லை, நானும் எதுவும் செய்ததில்லை.

சாயங்காலம் பழைய லத்தீன் அகராதியைப் பரணிலிருந்து இறக்கினேன். சாமியாராகாமல் செமினேரியை விட்டு வந்தபோது அங்கியைத் திருப்பிக் கொடுத்தேன், இதைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் என் மண்டைக்குள் இருந்தது. ஐந்து வருடம் எங்களுக்கு அதைத்தான் புகட்டினார்கள். ஒரு ஆங்கில வார்த்தையைக் கொடுப்பார்கள். அதன் லத்தீன் பிறப்பைச் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் சாப்பாட்டு மணியடித்த பிறகும் நின்றுகொண்டே இருக்கவேண்டும். நான் ஒரு நாளும் நின்றதில்லை. எனக்கு அந்த விளையாட்டில் வெறி.

முதல் வார்த்தை பயஸ். லத்தீனில் பியுஸ். கோயிலுக்குப் போகிறவன், முழங்கால் போடுகிறவன் என்று ஆங்கிலக்காரன் அதைச் சுருக்கிவிட்டான். லத்தீன்காரனுக்கு அது பெரிய வார்த்தை. பெற்றவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் கடவுளுக்கும் செய்யவேண்டிய கடமையைச் செய்தவனைத்தான் அவன் அப்படிச் சொன்னான். எழுதினேன்.

ஜெனரஸ். ஜெனரோசுஸ். கொடுக்கிறவன் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட அர்த்தம். வேர் 'ஜெனுஸ்', குலம். நல்ல குடியில் பிறந்தவன் என்றுதான் பொருள். பிறந்துவிட்டால் போதும், ஒன்றும் செய்யவேண்டாம். ஹானஸ்ட், ஹொனெஸ்துஸ். உண்மை பேசுகிறவன் என்று நினைக்கிறோம். ஊரில் மரியாதை பெற்றவன் என்பதுதான் அதன் பிறப்பு. 'ஹொனோர்' என்பதிலிருந்து வந்தது. மரியாதை கிடைத்துவிட்டால் நீ ஹொனெஸ்துஸ். ரோமாபுரியும் எங்கள் ஊரைப் போலத்தான் இருந்திருக்கிறது.

கேண்டிட், கான்திதுஸ். ஒளிவுமறைவு இல்லாதவன். வேர் வெள்ளை, பளபளக்கிற வெள்ளை. ஓட்டுக் கேட்டுப் போகிற ரோமாக்காரன் சுண்ணாம்பு தேய்த்து வெளுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு போவானாம். தேர்தலில் நிற்கிறவனுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அத்தானின் வேட்டி சட்டையும் அப்படித்தான் இருக்கும். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சுருக்கம் இருந்தால் முகத்தில் விட்டெறியப்பட்டு, மறுபடி தேய்க்கப்பட்ட வெள்ளை. அந்த வெள்ளைக்கு அக்காளின் விரல்நகம் பத்தும் தேய்ந்தது.

ஐந்தாவது வார்த்தையில்தான் எனக்குப் புத்தி கோணலாக வேலை செய்தது.

ஃபேமஸ். புகழ்பெற்றவர். இதற்கு லத்தீனில் கிளாருஸ் என்று நல்ல வார்த்தை இருக்கிறது. ஃபேமஸ் என்பதைப் பெற்ற வார்த்தையோ ஃபமோசுஸ். அதன் வேர் ஃபாமா, ஊர்ப்பேச்சு. ஊர் வாயில் அடிபடுகிறவன், பெயர் கெட்டவன், மானங்கெட்டவன் என்றுதான் லத்தீன்காரன் பெரும்பாலும் அதைச் சொன்னான். வசைக்கவிதைக்குக்கூட அந்த வார்த்தைதான். ஒரு முறை கிளாருஸ் என்று எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அடித்துவிட்டு ஃபமோசுஸ் என்று எழுதினேன். உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி.

ஆறாவது ஃபஸ்டிடியஸ். எதிலும் சுத்தம், நேர்த்தி பார்ப்பவர் என்று மருமகன் நினைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் சரிதான். லத்தீனில் ஃபஸ்திதியோசுஸ் என்றால் அருவருப்பு நிறைந்தவன். எதைக் கண்டாலும் முகம் சுளிக்கிறவன், எதையும் கேவலமாகப் பார்க்கிறவன். கர்வத்துக்கு ஒரு சொல், சலிப்புக்கு ஒரு சொல், இரண்டையும் சேர்த்துத் தைத்தது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வார்த்தைக்கு நான் அகராதியைத் திறக்கவே இல்லை. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செமினேரியில் இரண்டாம் வருடம். மே மாத விடுமுறைக்கு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. அத்தானும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். விளமீன் குழம்பு. அவர் ஒரு துண்டை எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். மோந்தார். வைத்தார். ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டார். இரண்டு மென்றார். பரிமாறிக்கொண்டு குனிந்து நின்ற அக்காளின் சேலையை இழுத்து, முந்தானையில் அதை அப்படியே துப்பினார். அப்புறம் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. எழுந்து போய் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கை கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். அந்தச் சுத்தம்தான் என்னால் இன்றுவரை தாங்கமுடியாதது.

அக்காள் ஈரத்துணி கொண்டுவந்து சுவரைத் துடைத்தாள். மஞ்சள் கறை போகவில்லை. கீழே பார்த்தால் பழைய கறைகள் மூன்று நான்கு இருந்தன.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலில் என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டேன். அப்புறம் குசினிக்குள் போனேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, அந்த வருடம் புதிதாகப் படித்ததைச் சொன்னேன்.

"பொறுமையா இருக்கா. பொறுமைக்கு லத்தீன்ல பாத்சியென்ஸ்னு சொல்லுவாங்க. பாடுபடுறவன்னு அர்த்தம். இயேசுவோட பாடுகள்னு சொல்லுதோம்லா, பாசியோ, அந்த வார்த்தையும் இதுவும் ஒரே வேர்."

"அப்படியா" என்றாள் அக்காள். பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

த்தூ. புருஷன் துப்பிய சேலையை இன்னும் அவள் மாற்றவில்லை. அவளிடம் போய் வேர்ச்சொல் விளக்கம் கொடுத்திருக்கிறேன். பெரிய மேதாவி. அவன் துப்பியது கழுவினால் போய்விட்டிருக்கும். நான் சொன்னதை அவள் அதற்கப்புறம் முப்பது வருடம் சுமந்தாள் என்று நினைக்கிறேன். புறப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போது அப்பா உயிரோடு இருந்தார். ஒரு அறையும் சும்மா கிடந்தது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். கடைசி வார்த்தை, அக்காளுக்கு உள்ளது. அதை எழுதாமல் மருமகனுக்குச் செய்தி அனுப்பினேன். "அம்மா பேர் இந்தக் கல்லில் வேண்டாம். லத்தீன் கல்லில் உயிரோடு இருக்கிறவங்க பேர் போடுற மரபு கிடையாது" என்று எழுதினேன். பச்சைப் பொய். அம்மாவுக்கு இஷ்டமில்லை, உன் அப்பாகூடக் கிடக்க அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று எழுதுவதற்கு என்ன கேடு எனக்கு? எழுதவில்லை. அவன் உடனே பதில் போட்டான்.

"மரபு பரவாயில்லை மாமா. கல்லுக்காரர்ட்ட ரெண்டு பேர் பேரும் குடுத்தாச்சு. அம்மா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கு எதுவுமே வேண்டாம். அவங்க பொறுமைக்கு ஒரு வார்த்தையாவது இருக்கட்டும். பேஷன்ட்டுக்கு என்ன?"

பாத்சியென்ஸ் என்று எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான் என் எதிர்ப்பு.

ஆனால் பாருங்கள், அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது. ஃபமோசுஸ், ஃபஸ்திதியோசுஸ். கறுப்புக் கிரானைட்டில், தங்கநிற எழுத்தில், சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிக்க, ஊரே சுற்றி நிற்க, அத்தான் மானங்கெட்டவனாகவும் அருவருப்புப் பிடித்தவனாகவும் நூறு வருடம் நிற்பார். வெட்டியவனுக்குத் தெரியாது, வைத்தவனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். இந்தச் சந்தோஷத்தை ஒரு வாரம் வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன்.

தனியாக வைத்திருக்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அவள் முற்றத்தில் சாளைக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காக்காயை விரட்டக் கையில் ஒரு கம்பு. அவள் நிழலில் உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் வேர் சொன்னேன். ஃபமோசுஸ் வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை.

"அதை யாரு படிப்பா?"

"யாரு படிப்பா? இந்தப் பக்கம் லத்தீன் தெரிஞ்சவன் எவனும் கெடையாதுக்கா. அதானே விசயமே."

"அப்ப யாரைத் திட்டுத? எதுக்குத் திட்டுத?"

அவள் கம்பால் ஒரு காக்காயை விரட்டினாள்.

"யாருக்கும் வெளங்காத பாசையில திட்டுனா அது திட்டாலே? பயந்த பய ராத்திரி கம்பளிக்குள்ள கெடந்து திட்டுன மாதிரிலா இருக்கு. சரி, அதை விடு. எம்பேரை எடுக்கச் சொன்னியா?"

"சொன்னேன். கேக்கலக்கா."

"எப்படிச் சொன்ன?"

மரபுக் கதையைச் சொன்னேன்.

"எம்பேருக்குக் கீழ என்ன போட்டிருக்கு?"

"பாத்சியென்ஸ்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வார்த்தை ஞாபகம் இருந்தது. இத்தனை வருடத்துக்கு அப்புறமும், ஒரே ஒரு தடவை கேட்ட வார்த்தை.

"அவனாப் போட்டானா?"

"அவன் இங்கிலீசுல கேட்டான். லத்தீன் நான்தான்..."

"அந்தச் செமினேரில ஒனக்கு வேற வார்த்தையே படிச்சுக் குடுக்கலயாலே?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். அன்று அவள் சோறு போட்டாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

பதினைந்து நாள் கழித்து மருமகன் லீவில் வந்தான். கல் வெட்டி முடிந்துவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கார் எடுத்துக்கொண்டு வந்தான். அக்காளும் வருகிறேன் என்றாள். வேண்டாம், தூசி என்று அவன் சொல்லிப்பார்த்தான். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறியிருந்தாள்.

கல்பட்டறை தூத்துக்குடி பைபாஸில் இருக்கிறது. தகரக் கொட்டகை, அறுத்துப்போட்ட கற்கள், சிலுவைகள், சமையல்கட்டு மேடைக்கான பலகைகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பட்டறைக்காரர் என் வயதுக்காரர். புருவமெல்லாம் தூசி. எங்கள் கல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தார்.

நன்றாகத்தான் வெட்டியிருந்தார். அத்தானின் பெயர், தேதிகள், கீழே ஆறு வார்த்தைகள். அதற்குக் கீழே என் அக்காளின் பெயர், பிறந்த தேதி, ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு வெற்றிடம், அப்புறம் என் வார்த்தை. பளபளப்பான கல்லில் எங்கள் மூன்று பேர் முகமும் தெரிந்தது. அக்காள் தன் பெயரைத் தடவிப் பார்த்தாள். வெற்றிடத்தையும் தடவினாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்குல்லா மாமா?" என்றான் மருமகன்.

அக்காள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அவன் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகலாமா என்று நினைத்தேன். அதுவும் ஒளிவதுதான். அங்கேயே நின்று தமிழில் சொன்னேன்.

"ஃபமோசுஸ்னா புகழ்பெற்றவர் இல்லப்பா. பேர் கெட்டவன். தெரிஞ்சேதான் போட்டேன். அதுக்கு அடுத்த வார்த்தைக்கு எதைக் கண்டாலும் அருவருக்கிறவன்னு அர்த்தம். ஒங்க அப்பா சோத்தை மோந்து பாத்து ஒங்க அம்மா சேலையில துப்புனதை நான் பாத்திருக்கேன். தட்டைச் சுவத்துல அடிச்சதையும் பாத்திருக்கேன். அன்னைக்கு அவர்ட்ட ஒரு வார்த்தை கேக்கல. செத்தப்புறம் கல்லுல எழுதிருக்கேன், அதுவும் யாருக்கும் தெரியாத பாசையில. அது தப்பு. அம்மா பேரு இந்தக் கல்லுல இருக்கவேண்டாம்னு அவ ஏங்கிட்ட சொன்னா. மரபு கிரபுன்னு நான் ஒனக்குச் சொன்னது பொய்."

பட்டறைக்காரர் மெதுவாகத் துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

மருமகன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நான் அந்த வீட்டுலதான் மாமா வளந்தேன். தட்டுச் சத்தம் கேட்டா கண்ண மூடிக்கிட்டுத் தூங்குற மாதிரி படுத்துக்கிடுவேன். காலையில சுவரைப் பாக்காமப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன்."

"பொறவு ஏன்ப்பா இதெல்லாம்?"

"தமிழ்ல எழுதினா ஊரு படிச்சிட்டுச் சிரிக்கும். இங்கிலீசுல எழுதினா என் பொண்டாட்டி படிப்பா, அவளுக்கு எல்லாம் தெரியும். லத்தீன்னா யாரும் படிக்க மாட்டாங்க. எங்க அப்பா நல்லவருன்னு ஒரு எடத்துலயாவது எழுதி இருக்கணும் மாமா. ஆனா யாரும் அதைப் படிச்சிரக் கூடாது." அவன் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முப்பத்துமூன்று வயது ஆள், ஆறடி உயரம்.

ஒரே கல்லில் நான் ஒளித்து வைத்தது வசை, அவன் ஒளித்து வைத்தது பொய். இரண்டு பேரும் ஒரே பாஷைக்குள் போய்ப் பதுங்கியிருக்கிறோம். எனக்கு அவன்மேல் இருந்த அருவருப்பெல்லாம் இறங்கிவிட்டது. என்மேல் இருந்தது மட்டும் அப்படியே நின்றது.

அக்காள்தான் காரியத்தைப் பார்த்தாள்.

"ஒங்க அப்பாவுக்கு நீ என்ன வேணாலும் போட்டுக்கோ. நல்லவன்னு போடு, ராசான்னு போடு. எம்பேரை மட்டும் எடுத்துரு." பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இங்கன வாங்க. இந்தக் கீழ உள்ளதை மட்டும் எடுக்கணும்."

அவர் வந்து குனிந்து பார்த்தார். "தனியா எடுக்க முடியாதும்மா. வெட்டுனது வெட்டுனதுதான். பேஸ்ட் வச்சு அடைக்கலாம். ஆனா நான் உள்ளதைச் சொல்லுதேன், நம்ம உப்புக்காத்துக்கு நிக்காது. ரெண்டு மழையில உதுந்து பேரு திரும்பத் தெரியும். இல்லன்னா மொகத்தை முழுசாத் தேச்சு எறக்கணும். அப்ப மேல உள்ளதும் போயிரும்."

ஆக, அவள் பெயர் போகவேண்டும் என்றால் அவரும் போகவேண்டும். மருமகன் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எம்மா, ஒன்னைப் பொறுமைன்னுதானம்மா போட்டிருக்கேன்" என்றான். "அது நல்ல வார்த்தைதானம்மா."

"நான் பொறுமையா இருந்தேன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றாள் அக்காள். "பயந்துக்கிட்டு இருந்தேன்லே. விடிஞ்சா பயம், அடைஞ்சா பயம். பயந்தவளும் வாயத் தொறக்கமாட்டா. பொறுமைக்காரியும் வாயத் தொறக்கமாட்டா. வெளிய நின்னு பாக்குதவனுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

வெளியே நின்று பார்த்தவன் நான்தான். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மருமகன் கல்லிலிருந்து கையை எடுத்தான். பைபாஸில் உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "முழுசாத் தேச்சிருங்க அண்ணாச்சி. பேரும் தேதியும் மட்டும் போதும். எங்க அப்பாவோடது மட்டும். தமிழ்லயே வெட்டிருங்க" என்றான்.

"இன்னைக்கேவா?"

"இப்பவே. நாங்க நிக்கோம்."

பட்டறைக்காரர் கல்லைப் படுக்கவைத்து, ஹோஸில் தண்ணீர் திறந்துவிட்டு, தேய்க்கிற மிஷினைப் போட்டார். காது கிழிகிற சத்தம். சாம்பல் நிறத்தில் சேறு வழிந்து எங்கள் கால்பக்கம் ஓடிவந்தது. முதலில் அக்காள் பெயர் இருந்த பக்கத்தைத் தேய்க்கச் சொல்லி மருமகன் கைகாட்டினான். அது மங்கி, இருந்த இடம் தெரியாமல் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் காதுக்குக் கிட்டே வந்தான்.

"மாமா, பயந்தவங்களுக்கு லத்தீன்ல என்ன?"

"பொம்பளைன்னா திமிதா. ஆம்பளைன்னா திமிதுஸ்."

"பன்மையில?"

"யாருக்கு?"

"நம்ம மூணு பேருக்கும்."

பெண்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆண் கலந்துவிட்டாலும் அந்தப் பாஷையில் மொத்தப் பேருக்கும் ஆண் விகுதிதான். அந்தக் கேவலத்தில் எங்கள் ஊருக்கும் ரோமாபுரிக்கும் வித்தியாசமில்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று கத்திச் சொன்னேன்.

"திமிதி."

அக்காள் இரண்டடி தள்ளி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"என்னலே, தீமிதியா?" என்றாள். "அதான் மிதிச்சாச்சுல்லா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."